ஆக்சிஜன் 98 காட்டினால் போதாதா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. டூஷேன் தசைச்சிதைவு நோய். இரண்டு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 98 காட்டுகிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூச்சுப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். ஊதி ஊதிக் களைத்துப்போகிறான். உதடு சரியாக மூடாமல் காற்றும் கசிகிறது. இது அவசியம்தானா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அவசியம் அம்மா. அந்த 98-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். டூஷேன் நோயில் தளர்வது நுரையீரல் அல்ல, அதை விரிக்கும் தசைகள். அவை தளரும்போது முதலில் இரவுத் தூக்கத்தில் கரியமில வாயு தேங்கும். விரல் கருவிக்கு அது தெரியாது. நாற்காலியில் இருக்கும் பிள்ளை ஓடுவதில்லை, மாடி ஏறுவதில்லை. இளைப்பு வெளியே தெரிய வழியே இல்லை.

மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கும் ஆக்சிஜன் 97. மல்லாந்து படுக்கச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது எழ வேண்டிய வயிறு உள்ளே குழிந்தது. கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைத்தன. உட்கார்ந்து ஊதியபோது 2.4 லிட்டர், படுத்து ஊதியபோது 1.6. இந்த இறக்கம் 25 சதவீதத்தைத் தாண்டினாலே, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிப்போம். "மூன்று மாதமாக இவர் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறார். காலையில் தலைவலி என்பார், தைலம் தேய்த்துவிடுவேன்" என்றார் அவர் மனைவி. இரவில் தேங்கிய கரியமில வாயுவால் வந்த தலைவலி அது. தைலம் தேய்த்த அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

உதடு மூடாவிட்டால் முகமூடி வைத்து ஊதச் சொல்லலாம். இன்னும் எளிதான ஒன்றும் உண்டு: ஒரு மூக்குத் துளையில் சிறு அடைப்பான் வைத்து, மறு துளையால் "வெடுக்" என்று உறிஞ்சச் சொல்வது. நொடியில் முடிந்துவிடும். பத்து முறை செய்தாலும் பிள்ளைகள் அலுத்துக்கொள்வதில்லை. நிற்க முடியாதவனுக்கு உயரத்தைக் கைகளை விரித்து அளந்து கணக்கிட்டார்களா என்றும் கேளுங்கள். உயரம் தவறினால், இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் சதவீதமும் தவறும்.

இருமலின் வேகத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால், சாதாரணச் சளிகூட நிமோனியாவில் கொண்டுபோய்விடலாம். ஆம்பு பை (கையால் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளும் பை) கொண்டு காற்றை நிரப்பி இருமவைக்கும் முறையை அப்போதே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஊதும் அளவு, இருக்கவேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இரவில் பைபாப் கருவி வைப்பது பற்றிப் பேசுவார்கள். பயப்படாதீர்கள், தொண்டையில் துளையிடாமல் முகமூடி வழியே மூச்சுக்குத் துணை தரும் கருவி அது.

ஒன்று மட்டும் வேண்டாம் அம்மா: இரவில் சோர்ந்து கிடக்கிறானே என்று நீங்களாக ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்துவிடாதீர்கள். காற்றைத் தள்ளும் துணையில்லாமல் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால், எண் 98-லேயே நிற்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும்.