எஃப் கார்டு வலிக்கிறது என்று கிட்டாரை விற்கலாமா?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ் (ஒட்டாத ஒரே பலகையாக ஸ்ப்ரூஸ் மரம்) என்றார்கள். மற்றபடி அலங்கார வேலைப்பாடு, பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) எதுவும் கிடையாது. சி, ஜி கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் விரல் அமைப்புகள்) நன்றாக வருகின்றன. எஃப் பிடித்தால் விரல் வலிக்கிறது, சுருதியும் ஏறிக் கேட்கிறது. இதை விற்றுவிட்டு விலை கூடியதாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சுருதி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிவிடுகிறது. பெரும்பாலும் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கும். எஃப் பிடிக்க விரல் அழுத்தும் முதல் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நட்டை ஒட்டியே இருப்பதால், பள்ளம் மேடாக இருந்தால் அங்கே கம்பியை அழுத்தக் கூடுதல் பலம் தேவைப்படும். கம்பியும் இழுபட்டுச் சுருதி ஏறும். தொழிற்சாலையில் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையாமல் இருக்கவேண்டும் என்று நட்டை உயரமாகவே விட்டு அனுப்புவது சகஜம். விலை கூடிய கிட்டாரிலும் இதே தொல்லை வரலாம்.

சந்தேகம் இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) மாட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குற்றம் நட்டுடையதுதான். அடுத்து, கேப்போவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கம்பியையும் இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மெல்லிய தாள் ஒன்று நுழையும் அளவு போதும். பள்ளத்தை ஆழப்படுத்த ஒவ்வொரு கம்பியின் பருமனுக்கும் தனி அரம் வேண்டும். இம்மி அதிகமாகிவிட்டால் விரல் வைக்காத திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். எனவே இதைக் கிட்டார் பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள்.

அவரிடம் கொடுக்கும்போது வெறுமனே 'செட்டப்' என்று சொல்லாமல் அளவையும் சொல்லுங்கள். முதலில் கழுத்து வளைவு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் தடித்த ஆறாவது கம்பியை அழுத்தினால், ஏழாவது ஃப்ரெட்டருகே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கவேண்டும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) வலப்பக்கம் முறுக்கவேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அதன் பிறகுதான் நட், கடைசியில் சாடில் (உடற்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை). 12வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் 2.4 மில்லிமீட்டர், முதல் கம்பியுடையது 1.8 என்றால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சாடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் தேய்த்துக் கெடுப்பவர்கள் உண்டு.

12-53 கம்பிகளை (மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) மாற்றி 11-52 போட்டாலும் விரலுக்குச் சுமை குறையும், ஒலி கொஞ்சம் மெலியும். ஆனால் அதற்கு முன் நட்டைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் பணம் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க, ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் வெட்டுமுகத்திலும் தொடர்ந்து இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒலியை உண்டாக்குவதில் பெரும்பங்கு அந்த மேல்பலகைக்கும் அதன் அடியில் இருக்கும் பிரேசிங் கட்டைகளுக்கும்தான். வேலைப்பாட்டுக்கு அதில் பங்கே இல்லை.

சாலிட் பலகைக்கு ஈரப்பதம்தான் பெரிய எதிரி. 45 முதல் 55 சதவீதம் நல்லது. ஈரம் ஏறினால் பலகை உப்பிக் கம்பி உயரும். காய்ந்தால் பலகை தாழ்ந்து கம்பி இரையும், ஃப்ரெட் முனைகள் கழுத்தோரம் கையைக் குத்தும், முற்றினால் பலகையிலேயே விரிசல் விடும். பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வைத்து, அளவு ஒரு வாரம் நிலையாக இருந்த பிறகே சாடிலைத் தேய்க்கச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகி, சாடில் உட்காரும் கட்டையான பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.