தலையில் மாட்டும் மைக்கா, மேசை மைக்கா: எதை எடுப்பது?

தலை மைக் வாயோடு கூடவே நகரும். மேசை மைக் பலகையில் தட்டையாகக் கிடந்து சுற்றியிருக்கும் எல்லாக் குரலையும் வாங்கும். வித்தியாசம் தூரத்தில்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும். தகரக் கூரையில் கொட்டும் மழை குறையாது. தலை மைக்குக்கும் மேசை மைக்குக்கும் உள்ள வித்தியாசம், காதோரம் பேசுவதற்கும் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) அடுத்த கோடியிலிருந்து கூப்பிடுவதற்கும் உள்ளதைப் போன்றது. ஆகவே ஹட்டன், நுவரெலியா போன்ற இலங்கை மலையக ஊர்களின் மழையில் தனியாக வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குத் தலை மைக்தான் சரி. வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு வந்து அடிக்கும்.

நாலைந்து பேர் சுற்றியிருந்து பேசும் அமைதியான அறைக்கு மேசை மைக் போதும். பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) கோப்பை வைக்கும் ‘டொக்’கும் அதில் ஏறும், கவனம்.

சத்தத்தைக் கூட்டினால் மேசை மைக்கிலும் குரல் தெளியும் என்று பலர் நினைக்கிறார்கள். மழையும் சேர்ந்தே கூடும்.