கடை மூடியது, சம்பளம் வரவில்லை

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு மளிகைக் கடையில் 7 ஆண்டுகள் வேலை செய்தேன். வயது 44. வாரச் சம்பளம் 500 பவுண்ட். பத்து வாரங்களுக்கு முன் முதலாளி முன்னறிவிப்பின்றிக் கடையை மூடிவிட்டார். கடைசி ஆறு வாரச் சம்பளமும் ரிடண்டன்சி பணமும் (ஆட்குறைப்பு இழப்பீடு) வரவில்லை. "சரக்கை விற்றதும் தருகிறேன், வழக்கு என்று போகாதீர்கள்" என்கிறார். ஊர்க்காரர். என்ன செய்வது?

பதில்: வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (Acas) அமைப்புக்கு இன்றே தகவல் கொடுங்கள். சம்பளப் பாக்கிக்கு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் செல்ல, பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். உங்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரமே மிச்சம். ரிடண்டன்சி பணத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சம்பளத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. எனக்கு அது ஆறாத வருத்தம்.

ஏகாஸில் பதிந்ததும் கெடு ஓடுவது நிற்கும். சமரச அலுவலர் இருவரிடமும் தனித்தனியே பேசுவார். ஊர்க்காரரை நீதிபதி முன் நிறுத்தத் தயங்கும் உங்களுக்கு இதுவே நல்ல வழி. அங்கே எட்டும் உடன்பாடு சட்டப்படி இருவரையும் கட்டும். உடன்படாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அதன் எண் இல்லாமல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய முடியாது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 41 வயதுக்குப் பிந்தைய 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒன்றரை வாரம், முந்தைய 4 ஆண்டுகளுக்கு ஒரு வாரம்: மொத்தம் எட்டரை வாரச் சம்பளம், 4,250 பவுண்ட். முன்னறிவிப்புக்குப் பதிலாக 7 வாரச் சம்பளமும் கேட்கலாம். அதற்கும் மூன்று மாதக் கெடுதான்.

கம்பெனிப் பதிவகத்தின் (Companies House) இணையப் பக்கத்தில் கடையின் கம்பெனிப் பெயரைத் தட்டிப் பாருங்கள். இது இலவசம். பதிவிலிருந்து நீக்க விண்ணப்பித்திருந்தால் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். கம்பெனி கலைந்துபோனால் வழக்குத் தொடுக்க ஆளில்லை. முறையாகத் திவாலாகியிருந்தால் அரசின் தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து ரிடண்டன்சி பணமும், எட்டு வாரம் வரையிலான சம்பளப் பாக்கியும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும்.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை அட்டவணைப் படம், "தருகிறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். அந்தச் செய்தி கடனை அவரே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி.