பட்டன் அமுக்குவதில் என்ன களைப்பு?

வாசகர் கேள்வி – பதில்: வேலையும் மூளையும்

கேள்வி: செம்பனை ஆலையில், பழக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். ஒரே ஆள் மூன்று ஸ்டெரிலைசரையும் பார்க்கிறார், இடையிடையே வாக்கி டாக்கிக்கும் பதில் சொல்கிறார். இரவு ஷிப்ட் முடிந்தால் "மண்டை காய்ந்துவிட்டது" என்கிறார்கள். மேனேஜரோ, "பட்டன் அமுக்குவதில் என்ன களைப்பு? எண்ணெய் இழப்பு கூடவில்லையே" என்கிறார். மூளைச் சுமையை அளந்து காட்ட முடியுமா?
– ஊத்தான் மெலிந்தாங் வாசகர்

பதில்: முடியும். ஆனால் எண்ணெய்க் கணக்கை வைத்து முடியாது. சுமை ஏறும்போது மனிதர் கூடுதலாக முயன்று வேலையைக் காப்பாற்றிவிடுவார். அதனால் விளைவு நன்றாகவே தெரியும். கையிருப்புக் கவனம் தீர்ந்த பிறகுதான் சரிவு வெளியே வரும். 3 பார் அழுத்தத்தில் நீராவி அடைத்த கலனுக்குப் பக்கத்தில் அதுவரை காத்திருப்பது ஆபத்து.

உங்களுக்கு ஏற்றது நாசா-டிஎல்எக்ஸ் என்ற வேலைச்சுமைக் கேள்வித்தாள். ஆய்வாளர்கள் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவல் ஸ்டேவ்லேண்டும் 1988இல் வெளியிட்ட முறை இது. காகிதமும் பேனாவும் போதும். மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை முடிந்த விதம், முயற்சி, எரிச்சல் என்று ஆறு கோடுகள். ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை, ஐந்து ஐந்தாகப் பிரித்தது. வேலை செய்தவரே குறி போட வேண்டும்.

"இன்றைய ஷிப்ட் எப்படி?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். கடைசி அரை மணி நேரம்தான் அவர் நினைவில் நிற்கும். கதவு மூடியதிலிருந்து குலைகள் வெளியே வரும்வரை ஒரு சுற்று என்று வரையறுத்து, முடிந்த சில நிமிடத்திலேயே நிரப்பச் சொல்லுங்கள். அதே ஆளிடம் ஒரு ஸ்டெரிலைசர் மட்டும் ஓடும்போது ஒரு தடவையும், மூன்றும் ஓடும்போது ஒரு தடவையும் வாங்குங்கள். இத்தனை மதிப்பெண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லா வேலைக்கும் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. மேனேஜர் முன் வைக்க வேண்டியது இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான்.

அடுத்தது எடை போடுவது. ஆறு அம்சங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் எது சுமையை அதிகம் கூட்டியது என்று அவர் தேர்ந்தெடுப்பார். ஓர் அம்சம் எத்தனை முறை தேர்வானதோ அதுவே அதன் எடை. ஒருவரின் குறிகள் மூளை 70, உடல் 25, நேரம் 80, வேலை முடிந்த விதம் 40, முயற்சி 60, எரிச்சல் 75 என்று வைப்போம். எடைகள் அதே வரிசையில் 4, 0, 5, 2, 1, 3. பெருக்கிக் கூட்டினால் 1045. அதை 15ஆல் வகுத்தால் 69.7. எடை போடாமல் வெறும் சராசரி எடுத்தால் 58.3. ஆலைக்கு வெறும் சராசரியே போதும் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒருவருக்கு ஒரு முறை, இன்னொருவருக்கு மறு முறை என்று கலந்தால் ஒப்பீடு கெட்டது.

அதிகம் தவறு நடப்பது "வேலை முடிந்த விதம்" கோட்டில்தான். அதில் இடது முனை, அதாவது 0, நன்றாக முடிந்ததைக் குறிக்கும். வலது முனை தோல்வி. நன்றாகச் செய்தோம் என்ற பெருமையில் பலர் வலப்பக்கம் குறி போட்டுவிடுவார்கள். 10 போட வேண்டியவர் 90 போட்டால் சராசரி 13 புள்ளி பொய்யாக ஏறும். கோட்டின் இரு முனையிலும் சொல்லாகவே எழுதிவையுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அவர் மொழி தெரிந்தவர் வாசித்துக் காட்டட்டும். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். சூப்பர்வைசர் பார்க்கும்போது யாருக்கும் எரிச்சலே வராது!

சொல்லை மட்டும் நம்ப மேனேஜர் தயங்கினால் லாக் புத்தகத்தை எடுங்கள். மணிக்கொரு முறை எழுத வேண்டிய அழுத்த அளவை எத்தனை நிமிடம் தள்ளி எழுதுகிறார் என்று பாருங்கள். நான்கு மணி நேரத்துப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் பிறகு மொத்தமாக எழுதியது. முக்கிய வேலைக்கே கவனம் போதாதபோது முதலில் நழுவுவது இந்த இரண்டாம் வேலைதான். அதற்காகத் திட்டினால் மறுநாளிலிருந்து புத்தகம் அழகாகிவிடும், உங்கள் சான்றும் போய்விடும். ஆய்வுகளில் 3 முதல் 5 விநாடிக்கொரு முறை விளக்கு மினுக்கி, பட்டன் அமுக்கும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டெரிலைசர் ஆளிடம் அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டால் இதெல்லாம் தெரிந்துவிடாதா?

பதில்: மூளை கடுமையாக உழைக்கும்போது இதயத் துடிப்புகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் குறைவது உண்மைதான். ஆனால் ஆலைச் சூடு, படி ஏற்றம், ஒரு கோப்பை கோப்பி எல்லாமே அந்த எண்ணை அசைக்கும். கை ஆடினால் வாட்ச்சும் தடுமாறும். காசை வீணாக்காதீர்கள்.

கேள்வி: லோரிகள் குலைகளை இறக்கும் ராம்ப்பில் தரம் பார்ப்பவர் காலையில் கறார், மாலையில் தாராளம். களைப்பா, லோரிக்காரர்களிடம் தயவா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆலை கிராணி

பதில்: நல்ல கேள்வி. கண் மங்குவது வேறு, மனம் இளகுவது வேறு. இரண்டிலும் அரைப்பழுத்த குலைகள் உள்ளே நுழையும். அதனால் நுழைந்ததை மட்டும் எண்ணினால் காரணம் பிடிபடாது. நல்ல குலையைத் தள்ளிவிடும் தவறையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பழுத்த குலை 20, அரைப்பழம் 20 எடுங்கள். பழம் உதிர்ந்த புதிய குழி 10 இருந்தால் பழுத்தது என்ற விதிப்படி, இரண்டு பேர் நிதானமாக எண்ணி முடிவு செய்யட்டும். இலக்கமிட்டு, கலந்து, தரம் பார்ப்பவரிடம் காட்டுங்கள். மாலைச் சோதனைக்குப் புதிய 40 குலை வேண்டும். காலைக் குலைகள் புரட்டியதில் இன்னும் உதிர்ந்து, அரைப்பழமும் பழுத்ததுபோல் தெரியும்.

காலையில் 20 அரைப்பழத்தில் 18ஐப் பிடித்து, நல்லதில் 2ஐத் தவறாகத் தள்ளினார் என்று வையுங்கள். மாலையில் 14ஐப் பிடித்து, நல்லதில் 6ஐத் தள்ளினால் பிரித்தறியும் திறனே குறைந்துவிட்டது. களைப்பு அல்லது வெளிச்சக் குறைவு என்று தேடலாம். 14ஐப் பிடித்து நல்லதில் 1ஐ மட்டுமே தள்ளினால் கண் ஏறக்குறைய காலையில் இருந்தபடியேதான் இருக்கிறது. தள்ளுவதற்கான அளவுகோல்தான் தளர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சோதனையில் பாதிக்குப் பாதி அரைப்பழம். லோரியில் அரைப்பழம் அபூர்வமாக வந்தால், அபூர்வமானதைக் கண் இன்னும் அதிகமாகத் தவறவிடும். எனவே சோதனையின் தவறு விகிதத்தை அப்படியே ராம்ப்புக்குப் பொருத்தாதீர்கள்.

முதல் வகை, அதாவது பிரித்தறியும் திறன் குறைவு என்றால் ஆள் மாற்றுங்கள், விளக்கு போடுங்கள். கண்காணிப்பு வேலையில் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் தேயத் தொடங்குவதை உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948இலேயே காட்டிவிட்டார். இரண்டாவது வகை, அதாவது அளவுகோல் தளர்வு என்றால் ஓய்வு கொடுத்துப் பயனில்லை. டிரைவரைக் குலைமேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள். தரச் சீட்டு எழுதி முடியும்வரை லோரி எந்தத் தோட்டத்தது என்பதும் தரம் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாம்.