நடக்கிற வேகத்தில் என்ஜின் எப்படித் தடம் புரளும்? அமெரிக்க ஷார்ட் லைன் ரயில்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சின்ன சரக்கு ரயில் கம்பெனியில் தண்டவாளம் சோதிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தேன். இந்த மாதிரிக் கம்பெனிகளை ஷார்ட் லைன் என்பார்கள். பெரிய கம்பெனிகள் கட்டுப்படியாகாது என்று கைவிட்ட கிளைப்பாதைகளை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ ஓட்டுகிறவர்கள். நாடு முழுக்க 600 பக்கம் இருக்கும். இந்த ரயில்களைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மணிக்கு 5 மைல் வேகத்தில் போகிற என்ஜின் எப்படி சார் தடம் புரளும்?

வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தண்டவாளம் இரண்டும் விலகிக் கொடுக்கும், சக்கரம் நடுவே இறங்கிவிடும். எங்கள் லைனில் தானியக் கிடங்குக்குப் போகிற ஒரு பக்கப்பாதை, அதில் ஒரு வளைவு. மூன்று நாள் விடாமல் மழை. என்ஜின் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. டமால் என்ற சத்தமெல்லாம் இல்லை, "சீட்டு ஒரு பக்கமாக மெதுவாக இறங்கினது, அவ்வளவுதான்" என்றார் டிரைவர். போய்ப் பார்த்தால் வெளித் தண்டவாளம் சாய்ந்து படுத்திருக்கிறது, ஆணிகள் வரிசையாக எழும்பி நிற்கின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், விரலோடு வந்துவிட்டது. துளைக்குள் காபிப்பொடி மாதிரி ஈர மரத்தூள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நாலு நாள் முன்னால் அதே இடத்தில் டேப் வைத்து அளந்து 57½ அங்குலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். சரியான அகலம் 56½, சட்டம் அங்கே 58 வரை விடும். ஆக என் கணக்கில் பாதை பாஸ்.

அளவு சரியாக இருந்தும் விழுந்தது என்றால் அப்புறம் எதைத்தான் பார்ப்பது?

டேப் அளக்கிறது சும்மா கிடக்கிற பாதையை. மேலே 120 டன் என்ஜின் ஏறும்போது அது எவ்வளவு விரிகிறது என்பதுதான் கேள்வி. சட்டத்திலேயே இருக்கிறது: பாரம் ஏறும்போது தண்டவாளம் நகர்கிற அளவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அதற்குக் குனிந்து பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கும் அடியில் குறுக்கே கிடக்கிற மரக் கட்டைக்கும் நடுவே ஒரு இரும்புத் தட்டு இருக்கும். அது முன்னும் பின்னும் நகர்ந்தால் மரத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் விழும். அந்தத் தடம் அரை அங்குலம் இருந்தால் டேப் காட்டுவதோடு அரை அங்குலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வண்டியை விட்டு இறங்கி அளந்தேன், ஆனால் குனிந்து அந்தத் தடத்தைப் பார்க்கவில்லை.

இந்தப் பாதைகளின் படங்களைப் பார்த்தால் பாதி ஸ்லீப்பர் (அடிக்கட்டை) மண்ணாகிக் கிடக்கிறது. இதில் ரயில் விட அனுமதி உண்டா?

உண்டு, அதுதான் வெளியாட்களுக்கு நம்பவே முடியாத விஷயம். ஸ்லீப்பரை அங்கே 'டை' என்பார்கள், பெரும்பாலும் ஓக் மரம். 39 அடித் தண்டவாளத்துக்கு அடியில் சுமார் 24 கட்டை கிடக்கும். வகுப்புகளில் தாழ்ந்ததான முதல் வகுப்புப் பாதை என்றால், சரக்கு ரயிலுக்கு 10 மைல் வேகம்தான் உச்சம், நேர்ப்பாதையில் அந்த 24-ல் 5 நல்லதாக இருந்தால் போதும், அதில் இரண்டு தண்டவாளம் சேர்கிற இணைப்புக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 25 மைல், 8 கட்டை. முதல் வகுப்புக்கும் தேறாத பாதைக்கு 'எக்ஸெப்டட்' என்று தனிப் பட்டியலே இருக்கிறது: வேகம் 10 மைல், பயணிகளை ஏற்றக்கூடாது, ஆபத்தான சரக்கு என்றால் ஒரு ரயிலில் 5 பெட்டிக்கு மேல் கூடாது. குறைந்தபட்சம் என்று சட்டம் சொல்வதையே இலக்காக வைத்துக்கொள்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள்.

மெதுவாகப் போனால் ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

முழுக்க இல்லை. அங்கே பழைய பாதைகளில் இடது இணைப்புக்கு எதிரே வலது இணைப்பு வராது, பாதி நீளம் தள்ளித்தான் வரும். இணைப்புகள் தாழ்ந்துபோயிருந்தால் பெட்டி இடம், வலம், இடம் என்று ஆடும். உயரமான தானியப் பெட்டியில் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே உள்ள தூரமும் அந்த 39 அடியை ஒட்டியே வருவதால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினாற்போல ஆட்டம் ஏறிக்கொண்டே போய், ஒரு பக்கச் சக்கரம் எழும்பிவிடும். இது நடப்பது 10-க்கு மேல் 25-க்குள், அதிலும் நடு வேகங்களில்தான். ஆடினால் 10-க்குக் கீழே கொண்டுவா என்பது டிரைவர்களுக்கு முதல் நாளே சொல்கிற பாடம்.

ஏன் இன்னும் 1950-களின் என்ஜின்களையே ஓட்டுகிறார்கள்? கஞ்சத்தனமா?

கஞ்சத்தனம் பாதி. என்ஜின் செய்கிற இஎம்டி கம்பெனியின் ஜிபி9, பிறகு 1970-களில் வந்த ஜிபி38-2 எல்லாம் நான்கு அச்சு, தொகுதிக்கு இரண்டு. எஸ்டி40-2 மாதிரி ஆறு அச்சு வண்டியில் ஒரே தொகுதியில் மூன்று அச்சு நீளமாக உட்கார்ந்திருக்கும், இறுக்கமான வளைவில் அது தண்டவாளத்தை வெளியே நெட்டித் தள்ளும். நல்ல பாதை தாங்கிக்கொள்ளும், ஆணி பிடிக்காத பாதை தாங்காது.

கட்டையை மாற்றித் தொலைக்க வேண்டியதுதானே அண்ணா?

ஒரு மைலுக்கு 3,200 கட்டைக்கு மேல் வரும் தம்பி, வாரத்துக்கு இரண்டு ரயில் ஓடுகிற பாதை அந்தச் செலவை எங்கே சம்பாதிக்கும்? 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் கிளைப்பாதைகளைக் கழற்றிவிடுவது சுலபமானது, பல வருஷம் பராமரிக்காத பாதையோடுதான் புதியவர்கள் தொடங்கினார்கள். அதற்குமேல் பெட்டியின் மொத்த எடை 2,63,000 பவுண்டிலிருந்து 2,86,000-க்குப் போனது, அந்தப் பெட்டியும் கடைசியில் இவர்கள் பாதைக்குத்தானே வரும். 2005 முதல் பாதை பராமரிப்புக்கு ஒரு வரிச்சலுகை இருக்கிறது, 2020 கடைசியில் அதை நிரந்தரமாக்கினார்கள். நான் பார்த்தவரை புதுக் கட்டைகளில் முக்கால்வாசி அந்தக் காசில் வந்தவைதான்.

லாக்-மெகான்டிக் விபத்தும் மோசமான பாதையால்தானா?

இல்லை. 2013 ஜூலை 6, கனடாவின் கியூபெக், 47 பேர் இறந்தார்கள். சரிவில் நிறுத்திய எண்ணெய் ரயிலுக்குப் போதுமான கைப்பிரேக் போடவில்லை. ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் தீப்பிடித்து அணைத்தபோது அதையும் நிறுத்திவிட்டார்கள், காற்று வரத்து நின்று காற்றுப் பிரேக் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. ஊருக்குள் வந்தபோது 65 மைல் வேகம். அங்கே எந்தப் பாதை இருந்திருந்தாலும் நின்றிருக்காது.

விழுந்த என்ஜினை எப்படித் திரும்ப ஏற்றுவீர்கள்? கிரேனா?

கவிழ்ந்தால்தான் கிரேன். நின்றபடி இறங்கியிருந்தால் சக்கரத்துக்கு முன்னால் சரிவான இரும்பு வார்ப்பை வைத்து, அடியில் கெட்டி மரத்துண்டுகளை அடுக்கி, இன்னொரு என்ஜினால் அங்குலம் அங்குலமாக இழுப்போம். சக்கரம் அதில் ஏறித் தண்டவாளத்தில் விழும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதலில் சொன்ன எங்கள் என்ஜின் விஷயத்தில் அந்தச் சத்தம் கேட்க ஐந்து மணி நேரமானது, அதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வளைவில் 11 கட்டை மாற்றினோம்.