சென்னை – பலாலி: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கேள்வி பதில்

திருச்சியில் இருபது ஆண்டுகளாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணப் பயணம் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் தருகிறேன். யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருப்பது பலாலியில்.

சென்னையிலிருந்து பலாலி எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம் ஆகும்? (தாம்பரம்)

நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. அங்கே போவது ஏடிஆர் 72, உந்துவிசிறி விமானம். மணிக்கு 500 கி.மீ. என்று வைத்தால் 43 நிமிடம்தான் வரும். மீதி நேரம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதிலும், முறை வரக் காத்திருப்பதிலும், விமானம் மேலேறிக் கீழிறங்குவதிலும் கரைகிறது. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 645 கி.மீ., ஆனால் ஜெட் விமானம் கிட்டத்தட்ட இதே நேரத்தில் போய்விடும். அதை நம்பிக் கொழும்பு டிக்கெட் எடுத்தால், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏழெட்டு மணி நேரம் பஸ். டிக்கெட்டில் உள்ள நேரத்தை எண்ணாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணுங்கள்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அதற்கு முன் என் சித்தி ஊருக்குப் போக ஒன்றரை நாள் ஒதுக்குவார். பலாலியில் முதன்முதலாக இறங்கியபோது படியிலேயே நின்றுவிட்டார். ஓடுபாதை ஓரத்துச் செம்மண்ணைப் பார்த்து, "எங்கட மண்தான்" என்றார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

இலங்கை நேரம் முன்னே பின்னே இருக்குமா? (சேலம்)

இல்லை. 1996 முதல் 2006 வரை வேறாக இருந்தது. இப்போது இரண்டும் ஒன்றே.

விசிறி விமானம் பழையதுதானே? பயமாக இருக்கிறது. (வேலூர்)

பழையது அல்ல. குறைந்த தூரத்துக்கும் நீளம் குறைந்த ஓடுபாதைக்கும் ஏற்றது. பலாலிக்கு அது பொருத்தம்.

சென்னை–யாழ்ப்பாணம் எத்தனை மணி நேரம்? (காஞ்சிபுரம்)

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகையிலிருந்து கப்பல் இருக்கும்போது விமானம் எதற்கு? (நாகப்பட்டினம்)

நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறை சுமார் 110 கி.மீ., கடலில் நான்கு மணி நேரம் வரை ஆகும். உங்கள் ஊர்க்காரருக்கு அது சரி. சென்னைக்காரர் நாகை வரவே ஒரு இரவு போய்விடுமே.

டெல்டா முழுக்க நாங்கள்தான் இருக்கிறோம். திருச்சி போய் விமானம் ஏறுவதைவிடக் கப்பலே மேல். (அதே வாசகர்)

திருச்சி–பலாலி 185 கி.மீ.தான், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆனாலும் வேதாரண்யத்துக்காரர், நாகூர்க்காரர் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயம். வாசலிலிருந்து எண்ணினால் கப்பல் வெல்லும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்னிடம் வாருங்கள். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய கப்பல் ஒரு வாரத்திலேயே பருவமழைக்காக நின்றது. அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ போகிறவர் கடலை நம்பி நாள் குறிக்க வேண்டாம்.

அப்படியானால் தை மாதம்? (அதே வாசகர்)

தையில் கடல் அடங்கிவிட்டால் தாராளமாகக் கப்பலில் போங்கள். புறப்படும் முன் அன்றைக்குக் கப்பல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து பலாலி எத்தனை கிலோமீட்டர்? (ஆவடி)

355. மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விடுங்கள். அதையும் வாசல் கணக்கில் சேருங்கள்.