7 நாளில் ஐஸ்லாந்து முழுச் சுற்றா? வேண்டாமே

செப்டம்பர் கடைசியில், சின்னக் காரில், 7 நாளில் ஐஸ்லாந்தைச் சுற்றி வந்து உள்நாட்டு மலைப்பகுதியான லாண்ட்மன்னலாய்கரையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுற்றலாம், ஆனால் பாதி நேரம் தார்ச்சாலையைத்தான் பார்ப்பீர்கள். சுற்றுச்சாலை மட்டுமே 1,300 கிலோமீட்டருக்கு மேல். வடக்கை விட்டுவிட்டு, தெற்குக் கரையோடு, பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை போய்த் திரும்புங்கள். வழியில் உள்ள ஸ்காஃப்டாஃபெல்லில் வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் நடக்க ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள்.

லாண்ட்மன்னலாய்கருக்குப் போகும் 'எஃப்' சாலைகளில், அதாவது தார் போடாத மலைப்பாதைகளில், சின்னக் கார் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். அந்த நேரத்தில் பனி விழுந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். இந்த முறை அதை மறந்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவை இறுகப் பிடித்துக்கொண்டு திறவுங்கள். இல்லாவிட்டால் கீல் மடங்கிக் கதவு முன்பக்கம் திரும்பிவிடும். பல வாடகை இன்சூரன்ஸில் அது சேராது, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். தெற்குக் கரையில் உள்ள ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரையில் படம் எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். அங்கே அலை இழுத்துப் போய் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

துருவ ஒளி (அரோரா) பார்க்க ஐஸ்லாந்து வானிலைத் துறையின் மேக வரைபடத்தைத் தினமும் சாயங்காலம் பாருங்கள். வானம் தெளிந்த பக்கமாக வண்டியைத் திருப்புங்கள்.